பிளைவீலின் கனம்

ஸ்டாண்டில் என் காருக்குத் தண்ணி மோட்டார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது, ஏரல் ஸ்டாண்டில் முதன்முதலாக டாக்ஸிக்கு டீசல் எஞ்சின் மாட்டியவன் நான்தான். பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றியது. சத்தம் கொஞ்சம் கூடத்தான். அதற்காகப் பட்டப்பெயரா வைப்பது?

தினமும் காலையில் நான்கு டீச்சர்களைத் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன். அந்தச் சவாரியை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

எஞ்சினை மாற்றிய நான் கிளட்சை மாற்றவில்லை. பெட்ரோல் எஞ்சினோடு வந்த சின்னப் பிளேட்டும் அதை ஒட்டிச் சுழலும் சின்னப் பிளைவீல் சக்கரமும் அப்படியே இருந்தன. டீசல் இழுக்கிற இழுப்புக்கு அந்தப் பிளேட் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வியாழக்கிழமை வாய்க்கால் பாலத்து மேட்டில் கருகி நாறி, கார் நின்றுவிட்டது. நான்கு பேரும் இறங்கி பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள்.

மூத்தவரான கணக்கு டீச்சர் பஸ் படியில் நின்றே சொன்னார்: "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கோம். இன்னொரு தடவ நின்னா, பெறகு நாங்க பஸ்லயே போயிக்கிடுதோம்."

மெக்கானிக் ஒரு டிராக்டர் பிளேட்டைக் காட்டினார். உலோகப் பொத்தான்கள் பதித்தது. எவ்வளவு பாரமானாலும் வழுக்காது என்றார். ஆனால் அது வெடுக்கென்று பிடிக்கும். ஒவ்வொரு கியருக்கும் டீச்சர்களின் நெற்றி முன்சீட்டில் போய் இடிக்கும். நான் தலையாட்டவில்லை. வேன் எஞ்சினுக்கு உரிய பெரிய சாதாரணப் பிளேட்டும் அதன் பிளைவீலும்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று தேடி வாங்கினேன். அந்தப் பிளைவீலோ அம்மிக்கல் மாதிரி. அதை அப்படியே மாட்டினால் கியர் மாற்றும்போது எஞ்சின் வேகம் சட்டென்று இறங்காது. பிளேட் படாத பின்பக்கத்தில் கொஞ்சம் செதுக்கி எடையைக் குறைத்தால் சரியாக இருக்கும் என்று எனக்குப் பட்டது.

தூத்துக்குடித் துறைமுகப் பக்கம், படகுச் சாமான்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறையில் கொடுத்து, "கனத்தக் கொஞ்சம் கொறைங்க அண்ணாச்சி" என்றேன்.

சனிக்கிழமை மாட்டினோம். ஞாயிறு காலையில் தனியாக அதே மேட்டுக்குப் போனேன். எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. புதுப் பிளேட் வழுக்கியது! எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மெக்கானிக்கை எழுப்பி எல்லாவற்றையும் கழற்ற வைத்து, பிளைவீலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்த லேத் அண்ணாச்சியை வழியிலேயே மறித்துவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, முன்பக்கத்துல போயி செதுக்கி வச்சிருக்கிய?"

"கனத்தக் கொறைன்னா தடிப்பத்தானவே கொறைக்கணும்? ஒரு நூல் எடுத்தேன்."

"நான் எடையத்தான சொன்னேன்!"

"எடைன்னா எடைன்னு சொல்லணும். நீரு கனம்னுதான சொன்னீரு?"

சொன்னவன் நான்தானே. வேறு பிளைவீல் தேட நாளும் இல்லை. அதைப் பட்டறை வாசலில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிளேட் உட்காரும் முகம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இறங்கிவிட்டது. பிளேட்டை அழுத்தும் மூடியோ சுற்றியுள்ள உயர்ந்த விளிம்பில், பழைய உயரத்திலேயே நிற்கிறது. பிறகு எப்படி அழுத்தும்? அப்படியானால் விளிம்பையும் அதே ஒரு நூல் இறக்கிவிட்டால்?

சொன்னேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டையைக் கழற்றிவிட்டு லேத்தை ஓட்டினார். விளிம்பு இறங்கியது, பின்பக்கமும் செதுக்கியாயிற்று. இந்தத் தடவை எங்கே, எவ்வளவு என்று சாக்பீஸால் கோடு போட்டே காட்டினேன். புத்தகம் பார்த்துக் கற்றதில்லை. என் மூளையில் உதித்தது. இன்றைக்கும் அதில் எனக்குக் கர்வம்தான், மறைக்கப்போவதில்லை.

திங்கட்கிழமை நான்கு பேரும் ஏறினார்கள். பாலத்து மேடு வந்தது. இரண்டாவது கியர், மெதுவாகக் காலை எடுத்தேன். வழுக்கவும் இல்லை, வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. சோற்றில் நெய் இறங்குகிற மாதிரி பிடித்து ஏறியது. பின்னால் யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காது கொடுத்தேன். சத்தமே இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் ஜன்னலில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார்.

டீச்சர் கண்ணைத் திறந்து, "பாலம் வந்துட்டா?" என்று கேட்டார்.