பிரஸ் ஷாப்காரன் தேர்ந்தெடுத்த இயர்போன்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல இயர்போன் எது என்று வாதாடிக்கொண்டிருந்தீர்கள். சின்னவன் சிநேகிதனுடையதை வாங்கி வந்திருந்தான். "அப்பா, நீயும் காதுல வச்சுப் பாத்துட்டு சொல்லு" என்று என் கையில் கொடுத்தான். நான் வாங்காமல் எழுந்து போய்விட்டேன். "அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காதுடா" என்று பெரியவள் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிடிக்காமல் இல்லை. நான் ஒரு தடவை இயர்போன் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991. ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறை வாடகை வீடு. பெரியவள் அப்போது ஏழு மாதக் குழந்தை. நான் தண்டலம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை அச்சுக்கு அடியில் வைத்து மிதித்தால் மேலிருந்து இடி மாதிரி இறங்கும். அப்படிப் பதினாறு மெஷின் ஒரே கூரைக்குக் கீழே; அந்தப் பட்டறையைத்தான் பிரஸ் ஷாப் என்போம். மற்றவர்கள் மெஷின் துடைக்கிற பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வார்கள். நான் அடைக்க மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அச்சில் விரிசல் விழப்போகிறது என்றால் இடியின் சத்தம் கொஞ்சம் மாறும். அதை எங்கள் ஷாப்பில் முதலில் கண்டுபிடிக்கிறவன் நான்தான். சூப்பர்வைசரே வந்து, "நாலாம் நம்பர் எப்படிக் கீதுன்னு கேட்டு சொல்லுப்பா" என்று கூட்டிப் போவார். "அவனுக்கு இன்னா, டாக்டரு காது" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். கிண்டல்தான், ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமை.

உங்கள் அம்மா அப்போது ஆங்கிலச் சுருக்கெழுத்து படித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரிந்த அம்மா இட்லி மாவு விற்கிறவள், ரேஷன் கடையில் நிற்கிறவள். டைப்ரைட்டிங் இரண்டு பரீட்சையும் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிட்டாள். சுருக்கெழுத்து மட்டும் பாக்கி. அது தேறினால் ஒரு ஆபீசில் ஸ்டெனோ வேலைக்குச் சேர்த்துவிடுவதாக இன்ஸ்டிடியூட் மாஸ்டர் சொல்லியிருந்தார். குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் வகுப்புக்குப் போக முடியாது என்பதால், பாடத்தைத் தன் குரலிலேயே கேசட்டில் பதிந்து கொடுத்தார். அவர் வாசிக்க வாசிக்க இவள் எழுத வேண்டும். பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருந்தது.

துபாயிலிருந்து வந்த என் மச்சான் ஒரு வாக்மேன் கொடுத்திருந்தான். அதோடு வந்தது தலைக்கு மேல் வளைத்து மாட்டுகிற வகை. அது உங்கள் அம்மாவின் தோட்டை அழுத்தி, திருகு காதுக்குப் பின்னால் குத்தும். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருக்களித்துப் படுத்தால் வழுக்கி விழும். ஒரு நாள் உடைந்தும் போயிற்று. காதுக்குள்ளேயே பொத்தான் மாதிரி உட்காருகிற வகை வாங்குவது என்று முடிவு பண்ணினோம். அறுபது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

"நானும் வரட்டுமாங்க" என்று கேட்டாள்.

"பாப்பாவத் தூக்கிகினு மெட்ராஸ் பாரிஸ் கார்னர் வரைக்கும் பஸ்ஸுல எதுக்கு? எனக்குத் தெரியாத சத்தமா?"

"கேக்கப் போறவ நானு."

"வாங்கப் போறவன் நானு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். மாஸ்டரின் கேசட்டை வாக்மேனில் போட்டு என் பையில் வைத்துக் கொடுத்தாள்.

பர்மா பஜாரில் என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று கம்பெனியில் ஆளாளுக்கு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். வாக்மேனில் சொருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை மடக்கி மடக்கிப் பார்த்தேன், சத்தம் விட்டு விட்டு வருகிறதா என்று. ஒரு காதை மூடி மறு காதில், பிறகு மாற்றி. மேலே போர்த்துகிற ஸ்பாஞ்சு இரண்டாவது ஜோடி இருக்கிறதா என்று கேட்டேன். ஒயர் இடுப்பு வரை எட்டுகிறதா என்று அளந்தேன். கடைக்காரர் பொறுமையான மனுஷன். கடைசியில் இரண்டு ஜோடி நின்றது. ஒரே விலை.

முதல் ஜோடியில் மாஸ்டர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. இரண்டாவதில் ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று நறுக்கி வைத்தது போல் வந்தது.

"இத்தக் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் அதை வாங்கித் தன் காதில் வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு உடனே எடுத்துவிட்டார். "வாத்யாரே, பேச்சு கேக்கறதுக்குன்னா அந்த மொதல் ஜோடிய எடுத்துகினு போ. இது விசில் அடிக்குது. கொஞ்ச நேரத்துல தலைவலி வந்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. விற்காமல் கிடக்கிறதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "நான் பிரஸ் ஷாப்ல கீறேன். சத்தத்தப் பத்தி எங்கிட்ட சொல்லாத" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் உங்கள் அம்மா அதை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது, கழற்றிவிட்டாள்.

"இன்னாங்க, ஊசி குத்தறா மாதிரி கீது. மாஸ்டரு பேசறது எல்லாம் ஸ்ஸு ஸ்ஸுன்னு வருது."

"அதாண்டி தெளிவு. உனுக்குப் பழக்கமில்ல."

"கொறச்சு வச்சா வார்த்த புரியல. ஏத்துனா காது கூசுது."

"பத்துக் கடைல நின்னு கேட்டு வாங்கியாந்திருக்கேன். ரெண்டு நாள் வச்சுகினு அப்பறம் சொல்லு."

இரண்டு நாள் கழித்து நான் கேட்டபோது, "இப்ப பரவால்ல" என்றாள். எனக்குத் திருப்தியாகிவிட்டது. நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் அது அவள் காதில்தான் இருந்தது. நான் வருகிற சத்தம் கேட்டு எடுத்து மாட்டிக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. பகலில் குழந்தை தூங்குகிற நேரத்தில்தான் அவளால் படிக்க முடியும்; வாக்மேனைக் காதில் மாட்டாமல் கேட்க வழியில்லை. அதைக் காதில் வைத்தால் கால் மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டரை மாதத்தில் அவள் படித்தது பாதிகூட இருக்காது. இதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பரீட்சையில் தேறவில்லை. அவளோடு எழுதிய இன்னொரு பெண் தேறி, மாஸ்டர் சொன்ன அந்த ஆபீஸ் வேலைக்குப் போனாள். ரிசல்ட் வந்த அன்று நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "பொருளு நல்லாத்தான் கீது. கேக்கறவளுக்குத்தான் கவனமில்ல" என்றேன். அவள் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் கம்பெனிக்கு ஒரு மருத்துவக் குழு வந்தது. கண், ரத்தம், காது. காதுக்கு, ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துப் பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் 'பூம்' என்று வந்தது, தூக்கினேன். இன்னும் இரண்டு தடவை தூக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. இடையில் நிறுத்தியிருக்கிறார்கள் போல என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தப் பெண் கதவைத் திறந்து, "அண்ணே, கேட்டா கைய தூக்கணும்னு சொன்னேனில்ல?" என்றாள்.

"நீ இன்னும் ஆரம்பிக்கலியேம்மா."

"எல்லாம் முடிஞ்சுதுண்ணே" என்றாள்.

டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தடித்த சத்தத்துக்கெல்லாம் கோடு மேலே இருந்தது. மெல்லிய, கூர்மையான சத்தத்துக்கு வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி கீழே போயிற்று. "இரும்பு இடி கேக்கும். குருவி கத்தறது கேக்காது. எத்தன வருஷமா பஞ்சு வைக்காம நிக்கறே?" என்று கேட்டார். ஏழு வருஷம் என்றேன். போனது வராது என்றார். மற்றவர்களுக்கு ஊசியாய்க் குத்துகிற சத்தம்தான் என் காதுக்கு அளவாக இருந்திருக்கிறது. நல்ல ஜோடி எனக்குப் போர்வை மூடியதாகப் பட்டதற்கும் அதுதான் காரணம். ஷாப்பில் எல்லாரும் மெச்சிய காது அது. நானே அதை நம்பி உங்கள் அம்மாவைத் தோற்க வைத்தேன்.

மறுபடி எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். "போதுங்க" என்றாள். கொஞ்ச நாளில் சின்னவன் வயிற்றில் வந்தான். ஏன் கேட்டேன் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த தாளையும் காட்டவில்லை. குற்றம் அவள் கவனத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இதை நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டினாலும் சரி. யார் காதில் வைக்கப்போகிறார்களோ அவர்களையே கடைக்குக் கூட்டிப் போங்கள் என்பதைத் தவிர, நல்ல இயர்போன் வாங்குவதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுமில்லை.

அந்தத் தாள் கையில் கிடைத்த வாரம், ஒரு மத்தியானம், உங்கள் அம்மா குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். வாக்மேனை எடுத்து, அந்த ஜோடியைக் காதில் வைத்து, மாஸ்டரின் கேசட்டை ஓட விட்டேன். சத்தம் வைக்கிற சக்கரம் அவள் கடைசியாக வைத்தபடி இரண்டில் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. ஏழுக்குத் திருப்பியதும்தான் அவர் பேசினார். ஏழில் இதைக் கேட்டுத்தான் நான் வாங்கி வந்திருக்கிறேன். சக்கரத்தை மறுபடி இரண்டுக்கே கொண்டுவந்தேன். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடி நிற்கிற வரை, வார்த்தை எதுவும் பிடிபடாமல், அப்படியே உட்கார்ந்து கேட்டேன்.