மின்னலில் காய்ச்சிய வெந்நீர்

துலா மாதம், அதாவது ஐப்பசி, பிறந்துவிட்டால் எங்கள் செங்கல் ஊர்ப்பக்கத்தில் மதியம் வரை மண்டை பிளக்கிற வெயில் அடிக்கும். சாயங்காலம் ஆக ஆக அம்பூரி மலைப்பக்கம் கறுக்கத் தொடங்கும். பிறகு இடி. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அறை அறையாக ஓடி ஒயர்களைப் பிடுங்கிப் போடுவார். எங்கள் வீட்டில் அது என் வேலை. பக்கத்தில் மின்னல் விழுந்த அன்றைக்கு நான் பள்ளியில் இருந்தேன். நெய்யாற்றின்கரையில் தமிழ் டீச்சர் நான். தாலுக்கா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். டிவி, இன்டர்நெட் பெட்டி, வாசல் மணி மூன்றும் போய்விட்டன.

நான் வீட்டுக்கு வந்து ஏதாவது சொல்வதற்குள் அவர் மின்னல் மேல் கோபப்பட ஆரம்பித்துவிட்டார்.

"நாம கரண்டுக்குக் காசு கெட்டுதோம். இது சும்மா வருது. வந்து டிவியையும் எரிச்சிட்டு மண்ணுக்குள்ள போவுது. இம்புட்டு கரண்டும் வீணாப் போறத ஆரும் கேக்கல, பாத்தியா?"

"ஆரு கேக்கணும்?" என்றேன்.

"நான் கேக்கேன்," என்றார்.

பாறசாலையில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கும் என் தம்பியை அவரே போன் செய்து வரச்சொன்னார். மின்னலைப் பிடித்து பேட்டரியில் அடைக்க வேண்டும் என்றார். தம்பி சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கன்னத்தில் கைவைத்து யோசித்தான்.

"அத்தான், பேட்டரிக்கு மெதுவா ஊட்டணும். ராத்திரி முழுக்க உறிஞ்சிக் குடிக்குற சாதனமாக்கும் அது. மின்னல் கண்ணு சிமிட்டுததுக்குள்ள வந்து போவும். பேட்டரி வாயத் தொறக்குததுக்கு முன்னயே அது போயிரும். அல்லெங்கி பேட்டரியும் கூடப் போவும்."

"பத்து பேட்டரிய ஒண்ணா வாயத் தொறக்க வச்சா?"

தம்பி வியாபாரி. அவன் முகத்தில் ஒரு ஆசை வந்து போனதைப் பார்த்தேன். "பத்தும் போவும்," என்றான், மனமில்லாமல்.

இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். காப்பிதான் கெடுத்தது. தம்ளரை வைத்துவிட்டுத் தம்பி சொன்னான்: "கரண்டாட்டு பிடிச்சாத்தானே பாடு? சூடாட்டு பிடிச்சா என்ன? வெள்ளத்துல எறக்கி விடுவோம். கரண்டு போனாலும் சூடு நிக்கும்லா? குளிக்க வெந்நி ஆச்சு." எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

என் கணவர் எழுந்து அவன் தோளைத் தட்டினார். எங்கள் கல்யாணம் நடந்த காலம் தொட்டு அவர் அவனைப் பாராட்டியது அன்று ஒருநாள்தான்.

குடும்பப் பங்கில் வந்த ஒரு பெரிய வெண்கல வார்ப்பு, வாயகன்ற அண்டா, வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் கிடந்தது. கல்யாணத்துக்குப் பாயசம் வைக்கிற அளவு. அதை மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். பழைய டிஷ் ஆன்டெனாவின் இரும்புக் குழாயை நடுவில் நிறுத்தி, செங்கலை அடுக்கி அசையாமல் செய்தார்கள். ஹோஸ் வைத்து வார்ப்பை நிறைத்தார்கள். அப்போதுதான் நான் மேலே போனேன்.

"எர்த்து எங்க?" என்றேன். தம்பிக்கு அக்காவாக இருந்ததில் கற்ற ஒரே ஒரு சொல் அது.

"எர்த்து குடுத்தா எல்லாம் மண்ணுக்குல்லா போவும், அக்கா?" என்றான் தம்பி.

"குடுக்காட்டி?"

"வீட்டுக்குள்ள வரும்."

"குடு," என்றேன்.

அவன் வார்ப்பின் அடியிலிருந்து தடித்த செம்புப்பட்டையைச் சுவர் வழியாக இறக்கி, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடினான். என் கணவருக்கு வருத்தம். "அப்ப வெள்ளம் எப்பிடிச் சூடாவும்?"

"போற போக்குல கொஞ்சம் சூடாக்கிட்டுப் போவும், அத்தான்."

இடி கேட்டால் ஒருவரும் மாடிப்படியில் கால் வைக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். அதனால் மழை வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஹாலில் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விருந்தாளிக்குக் காத்திருப்பது போல வானத்தைப் பார்த்தார்கள். மின்னல் எங்கெங்கோ விழுந்தது. கடல் பக்கம் விழுந்தது, ஆற்றுக்கு அக்கரையில் விழுந்தது.

"இது அம்பூரியில," என்பார் என் கணவர், பொறாமையோடு. "ரப்பர் மரத்துக்கு எதுக்கு வெந்நி?"

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"மக்கா, நீங்க கூப்பிட்டு விளிச்ச மின்னல் வழிதெற்றி எங்க வீட்டுல ஏறினா ஆரு சமாதானம் சொல்லும்?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் வந்தார். "அதுக்குத்தான் அம்புட்டு ஒயரத்துல குழாய் நிறுத்தியிருக்கோம். வழி தெற்றாது."

அக்கா குழாயை நிமிர்ந்து பார்த்தாள். "வெந்நி கெடச்சா முட்டுக்கு ஊத்த எனக்கொரு குடம் தாங்க," என்றாள். அவளுக்கு முழங்கால் வலி.

ஒரு நாள் பகல் முழுக்க வெயில் எரித்தது. சாயங்காலம் மழையே இல்லாமல் மேகம் மட்டும் வந்து தலைக்கு நேராக ஒரு இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இடியோசை ஓய்ந்து வெகுநேரம் ஆனபிறகே நான் மாடிப்படிக் கதவைத் திறந்தேன். தம்பிதான் முதலில் வார்ப்பில் கைவிட்டான்.

"அத்தான், சூடு உண்டு."

என் கணவர் கைவிட்டார். நானும் விட்டேன். நன்றாகவே வெதுவெதுப்பாக இருந்தது. பகல் முழுக்க அந்த வெயிலில் வெண்கலம் காய்ந்தது எனக்கு உடனே தோன்றியது. ஆனால் அவர் ஈரக்கையைத் துடைக்காமல் அப்படியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரக்குழந்தையைத் தொட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது முகம். நான் குடம் எடுக்கக் கீழே இறங்கினேன்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு ஒரு குடம் போனது. மறுநாள் காலையில் மதிலருகே நடந்து காட்டினாள். "ரெண்டு வருசமா இல்லாத சொகம்," என்றாள். அதிலிருந்து தினமும் ஒரு குடம். இடி இடிக்காத நாளிலும் வெந்நீர் இருந்ததை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கொசு முட்டையிடும் இடங்களைத் தேடி வீடு வீடாக வரும் சுகாதாரப் பணிப்பெண் அந்த வாரம் எங்கள் தெருவுக்கு வந்தாள். மலையாளத்தில் பேசுபவள். தொட்டி, பூச்சட்டி எல்லாம் பார்த்துவிட்டு மாடி ஏறினாள்.

"இதெந்தா, சாரே?"

"மின்னல் பிடிக்க வச்ச வெள்ளமாக்கும்," என்றார் என் கணவர். "ஒருக்கா பிடிச்சும் ஆச்சு."

அவள் டார்ச்சை அடித்துக் குனிந்தாள். நாங்களும் குனிந்தோம். உள்ளே நூல் துண்டுகளைப் போல ஏராளமான கொசுப்புழுக்கள் வளைந்து வளைந்து நீந்திக்கொண்டிருந்தன. மிகவும் ஆரோக்கியமாக இருந்தன.

"மின்னல் வீணெங்கில் இதெல்லாம் சாவண்டே, சாரே?" என்று கேட்டாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். மின்னல் விழுந்திருந்தால் இவையெல்லாம் செத்திருக்க வேண்டாமா என்று.

தம்பி செம்புப்பட்டையைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் போய்விட்டான். என் கணவர் டார்ச் வெளிச்சத்தில் புழுக்களை இன்னும் குனிந்து பார்த்தார்.

"எல்லாத்துக்கும் எர்த்து குடுத்திருக்கோம்லா," என்றார் கடைசியில். "அதான் ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல்ல."

அவள் ஒப்புக்கொண்டாளோ என்னவோ, வார்ப்பைக் கவிழ்க்கச் சொன்னாள். நாலு பேரும் சேர்ந்து கவிழ்த்தோம். தண்ணீர் பைப் வழியாகக் கொட்டுகிற சத்தம் கேட்டு அக்கா வெளியே ஓடி வந்து, "ஒரு குடம் மாத்தி வைக்கப்பிடாதா?" என்று கீழிருந்தே கேட்டாள். புழுவைப் பற்றி அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

தம்பி மட்டும் புத்தியாக ஒரு காரியம் செய்தான். கடையில் சூரிய வெப்பத்தில் தண்ணீர் காய்ச்சும் தொட்டிகளை வாங்கி வைத்தான். முதல் தொட்டியை அடுத்த வீட்டு அக்காவின் மாடியில்தான் பொருத்தினான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வருகிறது. ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு சொல்வாள்:

"சூடெல்லாம் உண்டு மக்கா. ஆனா மின்னல் வெள்ளத்துக்க அந்தச் சொகம் இதுல இல்ல."