சுருளிவேல் படத்தில் திறந்த கண்கள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்த மிக்கேல்ராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கடை போர்டு அதைவிட நீளம். ‘பழைய படங்கள் புதுப்பித்தல், இறந்தோர் படங்கள் உயிர்ப்பித்தல்’ என்று 1956இல் தன் கையாலேயே எழுதி மாட்டினார். உயிர்ப்பிப்பது ஆண்டவர் வேலை, அதை அழி என்றார் மாதா கோயில் சாமியார்.

“புதுப்பிக்கணும்னா பழசுன்னு ஒண்ணு இருக்கணும் சாமி. செத்தவன் மூடுன கண்ணுல என்ன இருக்கு? அத நாந்தான உண்டாக்குறேன்?” என்று மல்லுக்கு நின்றார் மிக்கேல்ராஜ்.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த ஜனங்கள், ஆள் செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு எடுக்கச் சொல்வார்கள். மூடிய கண்களின் மேல் மெல்லிய பிரஷால் திறந்த கண்களை வரைந்து கொடுப்பார் மிக்கேல்ராஜ். செத்தவரின் அண்ணன் தம்பி யாரையாவது எதிரே உட்காரவைத்து, அவர் கண்ணைப் பார்த்து வரைவது வழக்கம்.

ஊரையே படம் எடுத்தவர், தன் பெண்டாட்டி ஜெபமாலையை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நம் வீட்டு ஆள்தானே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்துவிட்டார். பிரசவத்தில் அவள் போனபோது, அவளை நாற்காலியில் சாய்க்க மனம் வரவில்லை. கண்களைத் தன் கையால் மூடியதோடு சரி. அதற்கப்புறம் அவள் முகத்தை நினைக்க உட்கார்ந்தால், படம் எடுத்த பிணங்களின் முகமெல்லாம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை.

1961இல் கன்னிவாடியில் விவசாயம் பார்த்த சம்சாரி சுருளிவேல் இறந்தான். கூடப்பிறந்தவர் இல்லை, பிள்ளையும் இல்லை. யார் கண்ணைப் பார்த்து வரைவது? மிக்கேல்ராஜ் கை போன போக்கில் வரைந்தார். முடித்துவிட்டுப் பார்த்தால், சுருளிவேலின் மீசைக்கு மேலிருந்து ஜெபமாலை பார்த்துக்கொண்டிருந்தாள். இடது இமை லேசாகச் சரிந்த அதே பார்வை. மிக்கேல்ராஜ் சந்தோஷத்தில் அழுதார்.

வண்ணம் காயவில்லை என்று சொல்லி, படம் வாங்க வந்த ஆளை மூன்று தடவை வெறுங்கையோடு அனுப்பினார். அந்தப் படத்தை இன்னொரு படம் எடுத்தும் பார்த்தார். அதில் மைக்கோடுகள்தான் இருந்தன, அவள் இல்லை. கடைசியில் மனசில்லாமல் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, சுருளிவேலின் மனைவி ராமுத்தாயே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, இது எம் புருசன் கண்ணு இல்ல. யாரோ பொம்பள முழிச்சுக்கிட்டு இருக்கா. கஞ்சி குடிக்க உக்காந்தா, என்னமோ கேக்க வந்தவ மாதிரியே பாக்குறா. அழிச்சிருங்க. அவரு தூங்குற மூஞ்சி போதும் எனக்கு. விடிய எந்திரிச்சு அத்தன வருசமும் பாத்த மூஞ்சி.”

“வேற படம் போட்டுத் தாரேன் தாயி. இத வச்சுட்டுப் போ.”

“பதினாறாம் நாளு பொட்டு வச்சுக் கும்புட்ட படம்ணே. அவர இங்கன விட்டுட்டு வேற ஒண்ணத் தூக்கிட்டுப் போகவா?”

மிக்கேல்ராஜ் படத்தின் சட்டத்தைப் பிரித்தார். பஞ்சை நனைத்துப் பிழிந்தார். வலது கண் சுலபமாகப் போய்விட்டது. சரிந்த இமைக்கு வந்ததும் கை நின்றது.

“செத்த நேரம் இரு தாயி.”

“யாருண்ணே அது?”

“எங்க வீட்டுக்காரி.”

ராமுத்தாய் எழுந்து போய் வாசலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

மிக்கேல்ராஜ் பஞ்சை வைத்து அழுத்தித் துடைத்தார். ஜெபமாலையின் கண்களை அவர் கையால் மூடியது அது இரண்டாவது தடவை.