வாக்குமூலத்தில் நான் எழுதாமல் விட்டது

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில், சாட்சிகள் சொல்வதை எழுதிக்கொள்ளும் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு ராஜபாளையத்தில். திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருக்காரன் ஓட்டும் மாட்டுவண்டியில் வந்து, சனிக்கிழமை சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவேன். வைகாசியில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருந்தார்கள்.

பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான் என்று நினைத்திருந்தேன். பதினாறு வயதிலிருந்தே என் மனசு ஆண்கள் பக்கமே போனது. அதற்கு என்ன பெயரென்று தெரியாது. காதில் விழுந்த பெயரெல்லாம் வசவுதான். உலகத்திலேயே எனக்கு மட்டும் வந்த வியாதி என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை விரதம் இருந்து பார்த்தேன். கல்யாணத்தையும் ஒரு மருந்தாகத்தான் எண்ணிக் காத்திருந்தேன்.

பங்குனியில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. தேவதானத்தில் பயிர் செய்துவந்த சம்சாரி ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் வீட்டில் குடியிருந்த இன்னொரு ஆளை வெளியேற்ற வேண்டும் என்று அவருடைய தம்பிமார் கேட்டிருந்தார்கள். அந்த ஆள் கூண்டில் ஏறினார். ஐம்பது வயது இருக்கும். துவைத்த வேட்டி, தோளில் துண்டு.

தம்பிமாரின் வக்கீல் கேட்டார்: "இறந்துபோனவர் உமக்கு என்ன உறவு?"

"உறவுன்னு ஒண்ணும் இல்லைங்க."

"பிறகு எப்படி அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தீர்?"

"ரெண்டு பேருமா சேந்து இருந்தோம். சேந்து வெள்ளாம பாத்தோம்."

"நீர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?"

அவர் சற்றும் தயங்கவில்லை. "அவிய மேல எனக்கு அம்புட்டுப் பிரியம். அவியளுக்கும் எம்மேல அப்படித்தான். பொறவு எனக்கு எதுக்குய்யா கல்யாணம்?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அந்தரங்கத்தில்கூட நான் எனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை, ஒரு மனிதர் பட்டப்பகலில், நாற்பது பேர் முன்னால், நெல் விளைந்த கதையைச் சொல்வதுபோலச் சொல்கிறார். என்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. 'கல்யாணம் செய்துகொள்ளவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு, மற்றதை விட்டுவிட்டேன்.

சாட்சி முடிந்ததும், எழுதியதை வாசித்துக் காட்டி அவரிடம் கைநாட்டு வாங்க வேண்டும். வாசித்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"எசமான், நான் சொன்னதை இவரு எழுதலையே," என்றார்.

முன்சீப் என் பக்கம் திரும்பினார். "ஏனய்யா, எதை விட்டீர்?"

நான் காகிதத்தின் மேல் குனிந்துகொண்டேன். சாட்சியே அதை மறுபடியும் சொன்னார், ஒரு வார்த்தை குறையாமல். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"எழுதும்," என்றார் முன்சீப்.

எழுதினேன். 'அவர் மேல் எனக்குப் பிரியம்.' என் கையெழுத்தில், என் மையில் அது காகிதத்தில் நின்றது. இது வியாதி என்றால், இந்த மனிதர் பதினெட்டு வருஷம் எப்படி உழுது, பொங்கி, தின்று, தூங்கி வாழ்ந்திருப்பார்? அப்படியானால் நான் மட்டும் இல்லை. அந்த நினைப்பில் ஆறுதல் வரவில்லை. அடி வாங்கியதுபோல்தான் இருந்தது. இத்தனை வருஷம் என்னை நானே வைததெல்லாம் எதற்கு?

வெளியே வந்து அவரைத் தேடினேன். போய்விட்டிருந்தார். வழக்கில் வீடு தம்பிமாருக்குப் போனது. அவர் எங்கே போனார் என்று பிறகு பலரிடம் விசாரித்தும் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியில் வேறு யாரும் ஏறவில்லை. நடந்ததை வண்டிக்காரனிடம் சொன்னேன். ஏன் அவனிடம் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: என் மனசு அவன் மேல்தான் இருந்தது. சனிக்கிழமைக்காக வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

"கோர்ட்டுலயா அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டான்.

"ஆமா."

"நீ ஏம்லே எழுதாம விட்டே?"

"பயமா இருந்துச்சு."

அவன் திரும்பாமலே சொன்னான்: "நீ என்னையப் பாக்குறது எனக்குத் தெரியும்லே. எனக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. அதுக்காக வண்டியில ஏறாம இருந்துராதே."

குதித்து ஓடலாமா என்றுகூடப் பார்த்தேன். எவ்வளவு நாளாகத் தெரியும்? தெரிந்தும் எப்படி இத்தனை நாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான்? அவன் அதற்குமேல் ஒன்றும் பேசாமல் மாட்டைத் தட்டினான். நான் அழுதேன். ஆசை போன அழுகை பாதி. மீதி என்னவென்று அப்போது தெரியவில்லை. ஒருவனுக்கு என்னை உள்ளபடி தெரிந்திருக்கிறது, அவன் என்னைத் தள்ளிவிடவில்லை. அதை நம்பவே எனக்கு அன்று ராத்திரி முழுவதும் பிடித்தது.

மறுநாள் தகப்பனாரிடம், கல்யாணம் வேண்டாம் அய்யா என்றேன்.

"வேற பொண்ணு எவளும் மனசுல இருக்காளா?"

"பொண்ணு இல்லய்யா. எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போகாது. அந்தப் பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன்."

அவர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நின்றேன். அம்மாதான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெண் வீட்டுக்குப் போய், என் பையனுக்கு உடம்பு சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பொய் என்னைச் சுட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆவணியிலேயே வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது.

அய்யா என்னோடு பேசவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினேன். தினமும் கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போது, இவன் இப்படித்தான், இவனிடம் கெட்டது ஒன்றுமில்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். முதல் மாதம் குரலே எழும்பவில்லை. தை பிறப்பதற்குள் பழகிவிட்டது.

மாசியில் ஒரு மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அய்யா, தலையில் அரிசி மூட்டையோடு. ஏழு மைல் நடந்து வந்திருந்தார். மூட்டையை இறக்கக் கை கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, மலைத்து நின்றேன். அவரே இறக்கி வைத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்தார்.

"காத்து நல்லாத்தான் வருது," என்றார். "ஒண்ணா உலை வச்சா ரெண்டு பேருக்கும் ஆகும். ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்."