நாவல் மரத்துக்கு அடைச்ச வேலி

இண்டைக்குக் காலமை முகநூலில ஒரு பெரிய அடிபாடு. றோட்டோரத்துப் பழமரம் ஊருக்குப் பொதுவோ, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தமோ எண்டு.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

எழுபதுகளில யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள, நாங்கள் பஸ்ஸுக்கு நிக்கிற இடத்தில ஒரு நாவல் மரம் நிண்டது. பழக்காலத்தில அங்கை நிக்கிற எல்லாற்றை நாக்கும் ஊதா. பழம் பொறுக்கப் போய் பஸ்ஸை விட்டவையும் இருக்கினம்.

ஒருநாள் காலமை வந்து பாத்தால், மரம் வேலிக்கு உள்ளை! மூலை வீட்டு நல்லையர் வேலியை றோட்டுப் பக்கம் அரக்கி அடைச்சுப்போட்டார்.

"மரம் என்ரை காணிக்குள்ளை நிக்குது. ஒருத்தரும் தொடப்படாது" எண்டார்.

ஆனால் கொப்பெல்லாம் றோட்டுப் பக்கம்தானே. அண்டைக்கே காத்தடிச்சு, வெள்ளைச் சீலையோட நிண்ட ரீச்சர் அக்காவின்ரை தோளில பழம் விழுந்து நசிஞ்சுது.

அக்கா நேர போய்ப் படலையைத் தட்டினா.

"ஐயா, உங்கடை மரம் என்ரை சீலையைப் பழுதாக்கிப்போட்டுது. தோய்ச்சுத் தாங்கோ."

அவவுக்குப் பின்னால நான், கறை பட்ட சேட்டைக் கழட்டிக்கொண்டு. எனக்குப் பின்னால இன்னும் நாலைஞ்சு பேர்.

நல்லையர் எங்களைப் பாத்தார். மரத்தை அண்ணாந்து பாத்தார்.

"உது றோட்டு மரம் பிள்ளை! எனக்கும் உதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை!"

பின்னேரம் புது வேலிக் கதியால் புடுங்கிப் பழைய இடத்தில நட நாங்கள்தான் கைகுடுத்தம். பழம் பொறுக்க அவரும் வந்தார்.

ஆனபடியால், றோட்டு மரத்துக்கு உரிமை கேட்டுச் சண்டை பிடிக்கிறவை, நாவல் கறை போகத் தோய்க்கத் தெரியுமோ எண்டதை முதல்ல கீழை எழுதுங்கோ.