அக்குளில் நான் போட்ட மார்க்

மேற்கு மாம்பலத்தில் இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட் கொண்டு வராவிட்டாலும் ஆளைப் பார்த்தே துணியில் கத்தரி வைத்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று சொன்னபோதுகூட டாக்டரம்மாவிடம் நான் முதலில் கேட்டது, "கைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றுதான்.

அவர் பொறுமையாக விளக்கினார். நோய் பரவினால் முதலில் அக்குளில் இருக்கும் ஒன்றிரண்டு நிணநீர் முடிச்சுக்குத்தான் போகுமாம். அதை எடுத்து, ஆபரேஷன் நடக்கும்போதே சோதித்துப் பார்ப்பார்களாம். சுத்தமாக இருந்தால் மற்ற முடிச்சுகளைத் தொட மாட்டார்கள். இல்லையென்றால் மொத்தத்தையும் எடுக்க வேண்டும், அப்புறம் கை வீங்கலாம். வீங்கின கையோடு நான் எந்தத் துணியை வெட்டுவது?

ஆபரேஷனுக்கு முதல் நாள் மார்பில் கதிர்வீச்சு மருந்து ஊசி போட்டார்கள். அது நிணநீரோடு ஊர்ந்துபோய் அந்த முதல் முடிச்சில் தங்குமாம். மெஷினில் படம் எடுத்ததும் திரையில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது. அதற்கு நேராக என் தோலில் கறுப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். "வீட்டுக்குப் போய் இந்த சோப்பைப் போட்டு நல்லா தேச்சுக் குளிச்சிட்டு, காலையில வந்துடுங்க" என்றாள் நர்ஸ்.

எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பீர்க்கங்காய் நாரை எடுத்துத் தேய்த்த தேய்ப்பில் மார்க் போயே போய்விட்டது.

"ஐயையோ!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"இன்னாச்சு?"

"மார்க் போச்சுங்க!"

"ஆஸ்பத்திரிக்கு போன் போடு."

"போட்டா திட்டுவாங்க. நீங்க கண்ணாடியைப் பிடிங்க."

கையைத் தூக்கி, அளவு நாடாவை வைத்து, ஞாபகத்திலிருந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழகாகப் பெருக்கல் குறி போட்டேன்.

"இன்னாமே, ஜாக்கெட்டா வெட்டப் போறாங்க?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆபரேஷன் மேஜையில் படுத்ததும் என் திமிரெல்லாம் இறங்கிவிட்டது. என் மார்க்கை நம்பி வேறு முடிச்சை எடுத்து, அது சுத்தம் என்று சொல்லிவிட்டால்? நோய் பிடித்த முடிச்சு உள்ளேயே இருந்துவிட்டால்? மயக்க ஊசியோடு வந்தவரைத் தடுத்து, "டாக்டரம்மா, அந்த மார்க் நான் போட்டது!" என்று உளறிவிட்டேன்.

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். டார்ச் மாதிரி ஒரு கருவியை என் மார்க்கின்மேல் வைத்தார். டிக், டிக் என்று சோம்பேறித்தனமாகச் சத்தம் வந்தது. கொஞ்சம் நகர்த்தியதும் படபடவென்று கத்தியது.

"மருந்து எங்க இருக்குன்னு இதுவே சொல்லிடும்மா. மார்க் எங்களுக்கு ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான். நீங்க ஒன்றரை இஞ்ச் தள்ளிப் போட்டிருக்கீங்க."

ஒன்றரை இஞ்ச்! அரை இஞ்ச் தப்பினாலே ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கிறவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட நிம்மதிதான் அதிகம்.

கண் விழித்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நாக்கு வறண்டு, கேட்கப் பயந்து அவர் முகத்தையே பார்த்தேன்.

"ரெண்டே ரெண்டு முடிச்சுதான் எடுத்தாங்க. சுத்தமா கீதாம்" என்றார். சொல்லும்போதே அவருக்கு உதடு கோணிக்கொண்டது.

"இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று அதட்டிவிட்டு, வலியோடு வலியாக வலது கையாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.