பதினைந்தாவது படி

கைகள் ஒரு மரச்சில்லை இழைத்துக்கொண்டிருந்தன. இரண்டு தள்ளு, பிறகு கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு நெருடல், மறுபடியும் ஒரு தள்ளு. மரத்தை யாரும் அப்படித் தொட்டுப் பார்ப்பதில்லை. துணியைத்தான் பார்ப்பார்கள். தையல்காரரின் கை அது.

"மாமா, படிக்குக் காலர் வைக்கிறீங்களா?" என்றான் மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுகிறவன். விடுமுறை நாளில் பலகை தூக்க வந்திருந்தான்; தூக்கியதைவிடக் கிண்டல் பண்ணியதே அதிகம்.

"வாய்க்குப் பதிலா கையைக் குடு மாப்ளே."

பழைய மாடிப்படி செங்குத்தானது. அதில் கடைசி ஏற்றம், அதாவது கால் தூக்கவேண்டிய உயரம், மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலம் கூடுதல். வீட்டார் கால்களுக்கு அது மனப்பாடம். போன வருஷம் ஒரு நாள், பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கவேண்டிய சட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிய மனைவியின் கால் அந்த ஓர் அங்குலத்தை மறந்துவிட்டது. உருண்டு விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. நாலு மாதத்தில் எலும்பு சேர்ந்துவிட்டது. பயம்தான் போகவில்லை. வெளிச்சம் கொட்டும் மாடி ஜன்னலை விட்டுவிட்டு, சமையலறை மூலையில் பல்பு வெளிச்சத்தில் கண்ணில் நீர் வழியக் காஜா எடுத்தாள்.

"அந்தப் படியில இனிமே நான் ஏறமாட்டேங்க. சத்தியமா ஏறமாட்டேன்."

"அந்தப் படி இருந்தாத்தானே?" என்றவர் மறுநாளே அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

முப்பது வருஷமாகக் கோட்டு தைத்த தைரியம். மரவாடியில் ஞாயிறு ஞாயிறாக நின்று வேலையைப் பார்த்துப் பழகினார். கழுத்தில் கிடந்த நாடாவால் கூடத்துத் தரையிலிருந்து மாடித்தரைவரை அளந்தார். நூற்றைந்து அங்குலம். ஏழு ஏழு அங்குலமாகப் பதினைந்து ஏற்றம்: பதினான்கு பலகை, பதினைந்தாவது மாடித்தரை. கணக்கு அழகாக உட்கார்ந்தது. அறுவை மில்லில் அதன்படியே அறுத்துக் கொடுத்தார்கள்.

நிறுத்திப் பார்த்தபோது கடைசி ஏற்றம் எட்டு அங்குலம் இருந்தது. அதே இடம். அதே ஓர் அங்குலம்.

மச்சான் தன் இரும்பு டேப்பைக் கொண்டுவந்து நாடாவின் பக்கத்தில் நீட்டி வைத்தான். இழுபட்டு இழுபட்டு அந்த அறுபது அங்குல நாடா அரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தது; இரண்டு தடவை வைத்து அளந்ததில் அதுவே ஓர் அங்குலமாகிவிட்டது. ஆளையும் துணியையும் அதே நாடாவால் அளந்தவரை எந்தச் சட்டையும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மில்காரனின் இரும்பு அளவு காட்டிக்கொடுத்துவிட்டது.

"விடுங்க மாமா. அக்காகிட்ட சொல்லி வெச்சா போதும், பாத்து ஏறிக்குவா."

"இருபது வருஷம் அவ பாத்துத்தான் ஏறினா."

அன்று சாயங்காலம் ஒரு கோட்டுக்குக் கை ஏற்றும்போதுதான் பொறி தட்டியது. கைத்துணி எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை ஒரே இடத்தில் விட்டால் சுருக்கம் விழும். சுற்றிலும் துளித்துளியாகப் பங்கிட்டுவிட்டால் போட்டவனுக்கே தெரியாது. ஓர் அங்குலத்தைப் பதினைந்தாகப் பங்கிட்டால்?

அப்படித்தான் இந்தச் சில்லுகள் வந்தன. பலகைக்கு அடியில் ஒன்று வீதம் பதினான்கு. முதலாவது அட்டை கனம். மேலே போகப்போகக் கூடி, கடைசி ஏறக்குறைய ஓர் அங்குலம். பசை தடவி, திருகாணி முறுக்கி முடிக்க எட்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு ஏற்றத்தையும் இரும்பு டேப்பால் மும்மூன்று தடவை அளந்தார்.

ஒன்பதாம் நாள் காலை மனைவியைக் கூப்பிட்டார். அவள் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"எந்தப் படியைப் பாத்து ஏறணும்?"

"எதையும் பாக்க வேணாம். சும்மா ஏறு."

ஏறினாள். மாடித்தரையைத் தொடுமுன் அவள் கால் பழைய பழக்கத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக உயர்ந்து, 'தொம்'மென்று இறங்கியது. நின்று யோசித்தாள். திரும்பி நாலு படி இறங்கி, மறுபடி ஏறினாள். இந்தத் தடவை சத்தமே இல்லை.

வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலவே அவர் கீழிருந்து கேட்டார்: "எங்கயாவது இறுக்குதா?"

"உங்க தையலை நான் என்னிக்குங்க குறை சொன்னேன்?" ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. "அந்தச் சட்டையெல்லாம் மேல குடுங்க."

சட்டைகளை மோவாய்வரை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கால் இருக்கும் இடமே தெரியவில்லை. பதினைந்து ஏற்றத்தையும் பார்க்காமலே ஏறிப் போய் அவள் கைகளில் கொடுத்தார்.